ஊர்ப் பாடகரின் பழைய மேடைக் கசெற்றுகளைக் காப்பாற்றி அவரை நினைவுகூர விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, ஓர் ஆர்மோனியத்துடன் திருகோணமலையின் கோயில் வீதிகளிலும் பாடசாலை மைதானங்களிலும் பல ஆண்டுகள் பாடிய ஒருவர் எங்களிடையே வாழ்ந்தார். இசைத்தட்டோ விற்பனைக் கசெற்றோ அவர் வெளியிடவில்லை. அவர் மறைந்த பின்னர், நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்கள் தங்கள் றெக்கோடர்களில் பதிந்து வைத்த கசெற்றுகளில் மட்டுமே அவருடைய குரல் எஞ்சியிருந்தது. அவற்றைத் தேடி, கணினியில் ஏற்றி, ஒரு மாலைப்பொழுதில் அனைவருமாகக் கூடிக் கேட்பதற்கு எங்களுக்குப் 14 மாதங்கள் சென்றன. ஒழுங்காகச் செய்திருந்தால் 5 மாதங்களில் முடிந்திருக்கும். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். நாங்கள் தவறவிட்ட நேரத்தையும் நாடாவையும் நீங்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். குடும்பத்தாரின் விருப்பப்படி பாடகரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பழைய கசெற் கையில் கிடைத்தவுடன் அதைப் போட்டுக் கேட்காதீர்கள். முதல் கசெற் கிடைத்த அன்று மாலையே, வீட்டிலிருந்த பழைய றெக்கோடரில் அதை நாங்கள் ஓடவிட்டோம். நான்காவது நிமிடத்தில் நாடா உருளையில் சுற்றி, நசுங்கி, அறுந்தது. ஒட்டிச் சரிசெய்தோம், ஆயினும் அந்தப் பாட்டின் இரண்டு அடிகள் இனி யாருக்கும் கேட்காது. பல ஆண்டுகள் ஓடாதிருந்த நாடாவுக்கு ஒரேயொரு ஓட்டம்தான் எஞ்சியிருக்கலாம். அந்த ஓட்டம் கணினியில் பதிவாகும் ஓட்டமாக இருக்க வேண்டும்.

1. முதலில் குடும்பத்தாரிடம் செல்லுங்கள்

நாங்கள் கசெற்றுகளை முதலில் தேடினோம், குடும்பத்தாரைப் பின்னரே சந்தித்தோம். தங்களுக்குத் தெரியாமல் ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள் என்ற மனவருத்தம் அவர்களுக்கு ஏற்பட்டு, அதைத் தீர்ப்பதற்கே மூன்று மாதங்கள் சென்றன. ஆகவே முதல் சந்திப்பு பாடகரின் மனைவியுடனோ மூத்த பிள்ளையுடனோ அமையட்டும். அன்றைக்கு ஒலிப்பதிவுக் கருவி, கடிதப் படிவம் எதையும் கொண்டு போகாதீர்கள். என்ன செய்ய எண்ணுகிறீர்கள் என்பதைச் சொல்லி, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாவது சந்திப்பில் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். முதலாவது, பாட்டுக் கொப்பிகள் இருக்கின்றனவா என்பது. இருந்தால் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். அவர்கள் கண்முன்னே, பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படம் எடுங்கள். அடித்தல் திருத்தல்களும் ஓரக் குறிப்புகளும் படத்தில் விழ வேண்டும். இரண்டாவது, வெளியிடக் கூடாத பாட்டுகள் எவை என்பது. ஊரிலுள்ள ஒருவரைக் குறித்துப் பாடியவை, போர்க்காலத்தில் பாடியவை, வீட்டாருக்கு மட்டுமே உரியவை எனச் சில இருக்கும். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், காரணம் கேட்க வேண்டாம். மூன்றாவது, ஆர்மோனியம். அது இன்னும் இருக்குமானால், விற்கவோ சுருதி திருத்தவோ வேண்டாம் எனத் தயவாகக் கேளுங்கள். கசெற்றின் வேகத்தைச் சரிபார்க்க அது பின்னர் உதவும். எப்படி என்பதை 6 ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. கசெற்றுகளைத் தேடுதல்

அதிகமாகக் கிடைப்பது இரசிகர்களிடம் என்றே நாங்களும் நினைத்தோம். ஆனால் எங்களுக்குக் கிடைத்த 41 கசெற்றுகளில் ஏறத்தாழ அரைவாசி ஒலிபெருக்கிக்காரர்களிடமிருந்து வந்தன. கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை விழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர்கள், அம்பிளிபயரிலிருந்து நேரே வயர் கொடுத்துப் பதிந்திருப்பார்கள். கூட்டத்தில் அமர்ந்து பதிந்ததைவிட அது மிகத் தெளிவாக இருக்கும். அவர்களுக்கு அடுத்ததாக ஆலய பரிபாலன சபைகளின் பழைய செயலாளர்கள், சனசமூக நிலைய வாசிகசாலைகள், நாடக மன்றத்தினர், தபேலாவும் உடுக்கும் வாசித்த பக்கவாத்தியக்காரர்கள் என்ற வரிசையில் விசாரியுங்கள். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், சாம்பல்தீவு, நிலாவெளி என்று அவர் பாடப் போன ஊர்களின் பட்டியலைக் குடும்பத்தாரிடம் பெற்று, ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது நல்லது. கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்னர், பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிப் போய் அவர் பாடிய நிகழ்ச்சிகளை அங்குள்ள பெரியவர்கள் திகதியோடு நினைவில் வைத்திருந்தார்கள்.

கசெற்றின் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். "பக்திப் பாடல்கள்" என்று எழுதிய கசெற்றின் மறுபக்கத்தில் முழு நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அவர் பெயரே எழுதப்பட்ட வேறு மூன்றில், பிற்காலத்தில் யாரோ சினிமாப் பாடல்களை மேலே பதிந்து அவர் குரலை அழித்திருந்தார்கள். இந்த மாவட்டத்தில் இன்னொன்றையும் மனதிற் கொள்ள வேண்டும். 1990 இல் இடம்பெயர்ந்தவர்களும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்களும் எதையெல்லாம் விட்டுவிட்டு ஓடினார்கள் என்பதை நாம் அறிவோம். "கசெற் இருக்கிறதா" என்ற கேள்வி அவர்களுக்கு வேறு பலவற்றையும் நினைவூட்டும். இல்லை என்று சொன்னவரிடம் மீண்டும் கேட்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருப்பவர்களிடம் கசெற் இருந்தால் தபாலில் அனுப்பச் சொல்லாமல், ஊருக்கு வருபவரின் கைப்பையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். விமான நிலைய ஊடுகதிர்ச் சோதனை ஒலிநாடாவைப் பாதிப்பதில்லை. காந்தம்தான் பாதிக்கும், ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலோ பக்கத்திலோ கசெற்றை ஒருபோதும் வைக்க வேண்டாம்.

கசெற் வாங்கும்போதே இரண்டு பாதியுள்ள பற்றுச்சீட்டு ஒன்றைக் கொடுங்கள். கொடுத்தவர் பெயர், திகதி, கசெற்றின் தயாரிப்புப் பெயர், மேலே எழுதியிருக்கும் சொற்கள், திருப்பித் தரும் திகதி ஆகியவை அதில் இருக்கட்டும். நாங்கள் முதல் 9 கசெற்றுகளைச் சீட்டு இல்லாமல் வாங்கி, எது யாருடையது என்று தெரியாமல் பெரும் சங்கடத்துக்கு உள்ளானோம்.

3. எழுத்தில் பெற வேண்டிய அனுமதிகள்

கசெற் யாரிடம் இருக்கிறதோ அவரே பாட்டுக்கும் உரியவர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்குமான பதிப்புரிமை எழுதியவரின் வாழ்நாளுக்கும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. அந்த உரிமை அவருடைய வாரிசுகளைச் சேரும். மேடையில் பாடியவருக்கும், பதிவு செய்தவருக்கும் தனித்தனியே 50 ஆண்டுக் கால உரிமைகள் உண்டு. பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் இலங்கையில் தேவையில்லை. ஆகவே பதிவுச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்லி யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அவர் மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களையும் நாட்டார் கவிகளையும் தழுவிப் பாடியிருந்தால், நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கில் பயன்படுத்துவதற்கு எதிரான பாதுகாப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். எதையும் விற்காமலிருப்பதே எங்களுக்குச் சரியாகப் பட்டது. விற்க எண்ணினால் சட்டத்தரணி ஒருவரைக் கட்டாயம் கலந்தாலோசிக்க வேண்டும்.

தேவையான ஆவணங்கள் அதிகமில்லை. பாடகரின் மரணச் சான்றிதழின் பிரதி, வாரிசுகள் ஒவ்வொருவரினதும் தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் பிரதி, அனைவரும் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம், பதிவு செய்தவர் உயிருடன் இருந்தால் அவருடைய தனிக் கடிதம் ஆகியவை போதும். மரணச் சான்றிதழ் வீட்டில் இல்லையென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பெறலாம்; இறந்த திகதியும் இடமும் சரியாகத் தெரிந்திருந்தால் தேடல் விரைவாக முடியும்.

எங்களுக்கு அதிக காலம் எடுத்தது ஒப்புதல் கடிதம்தான். ஊரிலிருந்த மகன் மட்டும் ஒப்பமிட்ட கடிதத்தோடு நாங்கள் வேலையைத் தொடங்கிவிட்டோம். வெளிநாட்டிலிருந்த மகள், தன்னிடம் கேட்கவில்லையே என்று வருந்தி எழுதியபோது எல்லாவற்றையும் ஏழு வாரங்கள் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அவர் வருந்தியது நியாயம். தந்தையின் குரல் அவருக்கும் உரியது. எனவே எத்தனை பிள்ளைகளோ அத்தனை ஒப்பங்களையும் பெறுங்கள். கடிதத்தில் "பயன்படுத்தலாம்" என்று பொதுவாக எழுதாமல், எண்ணிமப் பிரதி எடுத்தல், ஆவணகத்தில் வைத்தல், இணையத்தில் கேட்கக் கொடுத்தல், நினைவு நிகழ்ச்சியில் ஒலிபரப்புதல் என நான்கையும் தனித்தனி வரியாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஆம், இல்லை என்று குறிக்க இடம் விடுங்கள். பாடகரின் குடும்பத்தார் முதல் இரண்டுக்கு உடனே சம்மதித்தார்கள், நான்காவதற்கு மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள், மூன்றாவதற்கு 12 பாட்டுகளை மட்டும் தெரிந்து தந்தார்கள். சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் ஒப்பமிட்டால் பின்னாளில் ஐயம் எழாது. கடிதங்களுக்கு மட்டும் ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

4. காலத்தைத் தெரிவு செய்து, நாடாவைப் பரிசோதித்தல்

ஐப்பசி தொடக்கம் தை வரை, வாடைக் காற்றும் மழையுமான நாட்களில், இங்கே கசெற்றைத் திறக்கவே வேண்டாம். ஈரப்பதம் நாடாவில் பூஞ்சணத்தை வளர்க்கும். கச்சான் வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள்தான் உகந்தவை. அதுவரை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, காற்றுப் புகாத பிளாத்திக்குப் பெட்டியில், கசெற்றுகளை நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் காய வைப்பதும் தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடாக்குவதும் நாடாவை நெளியச் செய்துவிடும்.

முதலில் கசெற்றின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறிய தகடுகளையும் உடைத்துவிடுங்கள். அதன் பின்னர் தவறுதலாகக்கூட அதன்மேல் பதிவு செய்ய முடியாது. பிறகு சிறிய சன்னலூடாக நாடாவைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைத் தூள் போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை மற்றக் கசெற்றுகளோடு வைக்கக் கூடாது, இயந்திரத்திலும் போடக் கூடாது. எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. முகக்கவசம் அணிந்து, மெல்லிய துணியால் நாடாவைத் தொட்டும் தொடாமலும் துடைத்தபடி கையால் சுற்றி எடுக்க ஒரு முழுநாள் சென்றது. அதனாலும் பயன் கிட்டவில்லை.

அடுத்து, நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கசெற்றுகளில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் குரல் மங்கி ஏறி இறங்கும். திருகாணி உள்ள கசெற்றாயின், ஐந்து திருகாணிகளையும் கழற்றி, உள்ளே இருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு, நாடாச் சுருள்களை ஒரு புதிய வெற்றுக் கசெற்றின் ஓட்டுக்குள் மாற்றிவிடலாம். திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்டவற்றைக் கத்தியால் திறக்க வேண்டிவரும். அதைப் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள். 60 நிமிடக் கசெற்றின் நாடா தடிப்பானது, 90 நிமிடத்தினது மெல்லியது, 120 நிமிடத்தினது மிக மெல்லியது. 120 கண்ணில் பட்டால் இயந்திரத்தில் வேகமாக முன்னும் பின்னும் ஓட்டாமல், ஆறு பட்டைப் பேனையைக் கசெற்றுச் சில்லின் பல்லில் நுழைத்துக் கையாலேயே சுற்றுங்கள்.

5. கருவிகளும் ஆன செலவும்

இந்தப் பகுதியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கணினியோடு நேரே இணைக்கும் சிறிய கையடக்கக் கசெற் கருவிகள் மலிவாக விற்கப்படுகின்றன. அவற்றில் நாடா சீரான வேகத்தில் ஓடாது, நீண்ட இழுப்புள்ள சுரங்கள் நடுங்கும். மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளையும் உதவாது. பெரும்பாலும் அது ஒற்றைத் தடத்தை மட்டுமே ஏற்கும், சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். உங்களுக்குத் தேவை வீட்டில் வைக்கும் பெரிய கசெற் டெக் ஒன்றும், டெக்கின் ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் யூஎஸ்பி ஒலி இடைமுகக் கருவி ஒன்றுமே.

எங்களுக்கு ஆன செலவைச் சொல்கிறேன்; விலைகள் மாறும், ஆனால் அளவு புரியும். பழைய கசெற் டெக் 28,000 ரூபா, அதன் பெல்ற் மாற்றித் துப்புரவாக்க 4,500, இடைமுகக் கருவி 22,000, வயர்கள் 1,800, ஐசோபுறோப்பில் அற்ககோலும் பஞ்சுக்குச்சியும் 2,200, பழைய நாடாவை மாற்றி வைக்க வாங்கிய ஆறு வெற்றுக் கசெற்றுகள் 1,500, இரண்டு வெளி வன்தட்டுகள் 42,000, கசெற் தந்தவர்களுக்குக் கொடுக்க 12 பென் டிரைவ்கள் 15,600, பிரதிகளும் தபாலும் 3,400, போக்குவரத்து 9,000. மொத்தம் 130,000 ரூபா. கருவிகளை இரவல் பெற்றால் செலவு பெரிதும் குறையும். வன்தட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். பணம் சேர்த்தால் முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் வரவு செலவு எழுதி, கேட்பவர் எவருக்கும் காட்டக்கூடியதாக வைத்திருங்கள். மென்பொருளுக்குச் செலவில்லை. ஓடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது, அதுவே போதும்.

6. பதிவு செய்யும் நாள்

ஒரு நாளைக்கு மூன்று கசெற்றுகளுக்கு மேல் எடுக்க முயலாதீர்கள். 90 நிமிடக் கசெற் ஓட 90 நிமிடம் வேண்டும். அதை விரைவாக்க நல்ல வழி எதுவும் இல்லை. முன்னும் பின்னும் அரை மணித்தியாலம் தேவைப்படும். ஒவ்வொரு கசெற்றுக்கும் முன்னர் டெக்கின் தலையையும் (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி) உருளைகளையும் அற்ககோல் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுமையாக முன்னும் பின்னும் சுற்றினால் இறுக்கம் சமப்படும். டொல்பி எனப்படும் இரைச்சல் குறைக்கும் வசதியின் ஆளியை அணைத்து வையுங்கள். ஊரில் கையடக்க றெக்கோடர்களில் பதிந்தவை டொல்பி இல்லாதவை, போட்டால் குரல் மந்தமாகிவிடும்.

மடிக்கணினியை மின்கலத்தில் இயக்குங்கள். மின்னேற்றியைச் செருகியிருந்தால் பல வேளைகளில் ஓர் இரைச்சல் பதிவுக்குள் வந்துவிடுகிறது. பதிவுத் தரம் 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. இது ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபைற் இடம் பிடிக்கும். எங்களுடைய 37 நல்ல கசெற்றுகள், 46 மணித்தியாலம், 48 கிகாபைற்றுக்குள் அடங்கின. 96 கிலோஹேர்ட்ஸில் எடுத்தால் இருமடங்கு வேண்டும். சத்த அளவு மிக உச்சத்திலும் கழித்தல் 6 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். அவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சடுதியாக உச்சத்தாயியில் தொடங்குவார். கைதட்டலோ அதைவிடப் பெரிது.

குரல் மங்கலாக ஒலித்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பதிந்த இயந்திரத்தின் தலை சற்றுச் சரிந்திருந்தால், உங்கள் டெக்கின் தலையும் அதே கோணத்துக்குத் திரும்பினால்தான் தெளிவு வரும். தலையின் பக்கத்திலுள்ள சிறிய திருகாணியை மிக மெதுவாகத் திருப்பி, "ச", "ஸ்" போன்ற ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழைய நிலையை முன்கூட்டியே மையால் குறித்து வையுங்கள்.

வேகமும் ஏமாற்றும். மின்கலம் தீர்ந்துகொண்டிருந்த றெக்கோடரில் பதிந்த நாடா, இன்று சரியான வேகத்தில் ஓடும்போது விரைந்து ஒலிக்கும். சுருதி ஏறும், அவர் குரல் இளைஞர் குரல் போலாகிவிடும். அம்பிளிபயரின் மின் இரைச்சல் பதிவில் இருந்தால் அது இலங்கையில் 50 ஹேர்ட்ஸ். மென்பொருளில் அது 52 என்று தெரிந்தால் 4 சதவீதம் விரைவாக ஓடுகிறது என்று பொருள். ஆனால் ஜெனரேற்றரில் நடந்த நிகழ்ச்சிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, நம் மாவட்டத்தில் அத்தகைய நிகழ்ச்சிகளே அதிகம். அப்போது எங்களுக்குத் துணை நின்றது அவருடைய ஆர்மோனியம். அதன் நாக்குகளின் சுருதி எளிதில் மாறுவதில்லை. அவருடைய மனைவி அந்தப் பெட்டியைத் திறந்து, துணியால் துடைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார்; மகன் துருத்தியை இயக்கினார்; அந்தச் சுரத்தோடு கசெற்றின் சுரத்தை ஒப்பிட்டு 5 பதிவுகளைச் சரிசெய்தோம். இத்திருத்தங்களைப் பிரதியில் மட்டுமே செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடக் கூடாது.

7. வெட்டாதீர்கள், குறிப்பெழுதுங்கள்

பதிவு முடிந்ததும் பாட்டுகளை மட்டும் தனித்தனியே வெட்டி எடுத்துவிட்டு மிகுதியை நீக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். எங்களில் ஒருவர் முதல் நான்கு கசெற்றுகளை அவ்வாறே செய்தார், அவற்றை மீண்டும் ஓட்ட வேண்டியதாயிற்று. பாட்டுக்கு முன் அவர் பேசிய பேச்சில்தான், அந்தப் பாட்டை எங்கே, யாருக்காக எழுதினார் என்பது இருக்கிறது. கடற்கரையில் கரைவலை இழுத்தவர்களிடம் ஒரு மெட்டைக் கேட்டதாக அவரே ஒரு நிகழ்ச்சியில் சொல்கிறார். அதே பாட்டு இருக்கும் வேறு ஆறு கசெற்றுகளில் அந்தச் செய்தி இல்லை. முன் வரிசைப் பிள்ளைகளை அமரச் சொல்வது, தண்ணீர் கேட்பது, மின்சாரம் நின்றபோது ஒலிபெருக்கி இல்லாமலே பாட்டைத் தொடர்வது, கூட்டம் தானாகச் சேர்ந்து பாடுவது ஆகிய அனைத்தும் நாடாவில் இருக்கின்றன. வீட்டில் ஆறுதலாகப் பாடிய பாட்டுக்கும் மேடைப் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. ஒரே பாட்டுக்கு ஏழு பதிவுகள் இருந்தால் ஏழையும் வைத்திருங்கள்; ஊருக்கு ஊர் அவர் அடிகளை மாற்றியிருக்கிறார்.

இரைச்சல் நீக்கும் வசதியிலும் எச்சரிக்கையாக இருங்கள். சிறிது கூட்டினாலும் குரலின் மூச்சும் உடுக்கின் அதிர்வும் சேர்ந்து போய்விடும்.

ஒவ்வொரு கோப்புக்கும் கசெற் எண், பக்கம், ஊர், ஆண்டு என்ற ஒழுங்கில் பெயரிட்டு, எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தனி அட்டவணையில் எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் அறிவிப்பாளரின் பேச்சைக் கவனமாகக் கேளுங்கள். எத்தனையாவது நாள் திருவிழா, எந்தக் கழகத்தின் எத்தனையாவது ஆண்டு நிறைவு, எந்த அதிபர் முன்னிலை என்று அவர் சொல்லியிருப்பார். உறுதியாகாத ஆண்டை ஊகித்து எழுதாமல் இடத்தை வெறுமையாக விடுங்கள். மேடையில் நேயர் விருப்பத்துக்காகப் பாடிய சினிமாப் பாடல்களுக்குத் தனிக் குறியிடுங்கள். யூரியூப்பில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வந்து முழுப் பதிவுமே முடங்கக்கூடும்.

8. பிரதிகளை வைக்கும் இடம்

மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று உங்களிடம், ஒன்று திருகோணமலைக்கு வெளியே வசிக்கும் ஒருவரிடம், ஒன்று ஆவணகம் ஒன்றில். கடலிலிருந்து சில நூறு மீற்றரில் வாழும் நாம், எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைப்பது தகாது. 2005 முதல் இயங்கும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தின் பல்லூடகப் பகுதியான "ஆவணகம்" என்பதில் ஒலிப்பதிவுகளும் சேகரிக்கப்படுகின்றன. கொடுக்கும்போது ஒப்புதல் கடிதத்தின் பிரதியையும் அட்டவணையையும் சேர்த்துக் கொடுங்கள். வட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்பியதைப் பிரதியென்று கருத வேண்டாம், அது தரத்தைச் சுருக்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வன்தட்டைச் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

9. கூடிக் கேட்கும் மாலை

மண்டபத்துக்கான கடிதத்தை ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். பாடசாலை மண்டபமானால் அதிபரின் அனுமதியோடு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் தேவைப்படலாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் எழுத்து மூல அனுமதி பெறுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்பதால் மாலை 5 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடிப்பது நல்லது, மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் திரும்புவோருக்குப் பேருந்தும் கிடைக்கும். கோயில் திருவிழா நாட்களையும் நோன்பு மாதத்தையும் தவிர்த்து நாள் குறியுங்கள்.

உரைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குரலைக் கேட்கவே மக்கள் வருகிறார்கள். பல நிகழ்ச்சிகளிலிருந்து துண்டு துண்டாகக் கோப்பதைவிட, ஒரே நிகழ்ச்சியின் 40 நிமிடத்தை அவருடைய பேச்சோடு, இடையில் நிறுத்தாமல் ஒலிக்கவிடுங்கள். பாட்டுக் கொப்பியிலிருந்து எடுத்த அடிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுங்கள். எங்கள் மாலையில் இரண்டாவது பாட்டுக்கே கூட்டம் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டது. நாடாவில் இருந்த கூட்டம் எது, மண்டபத்தில் இருந்த கூட்டம் எது என்று பிரித்தறிய முடியாமல் நாங்கள் நின்றோம்.

அன்றைக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவியை இயங்கும் நிலையில் வைத்திருங்கள். தொடக்கத்தில் சொன்ன, அறுந்துபோன அந்த இரண்டு அடிகள் கொப்பியிலும் இருக்கவில்லை. தேநீர் வேளையில் சாம்பல்தீவிலிருந்து வந்த ஓர் அம்மா, சிறு வயதில் கேட்டதாகச் சொல்லி அவற்றைப் பாடிக் காட்டினார். அவருடைய குரலில், அவருடைய அனுமதியோடு, அவை இப்போது 1 ஆம் இலக்கக் கசெற்றின் அட்டவணையில் சேர்ந்திருக்கின்றன.

கசெற்றுகளைத் திருப்பிக் கொடுப்பதற்கும் அந்த மாலையே ஏற்றது. வாசலில் ஒரு மேசை போட்டு, பற்றுச்சீட்டின் மறுபாதியைப் பார்த்து, கசெற்றோடு அதன் பதிவு அடங்கிய பென் டிரைவையும் உரியவர் கையில் கொடுத்து ஒப்பம் பெறுங்கள். அன்று வர முடியாத முதியவர்களுக்கு அடுத்த நாள் காலையே வீட்டுக்குக் கொண்டு சென்று கொடுங்கள். கூடவே ஒரு சிறிய ஒலிப்பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் பலர் வீட்டில் இப்போது றெக்கோடரும் இல்லை, கணினியும் இல்லை.